இயக்குநரின் பூஜ்யம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மாத்திரையை முழுங்கினேன். தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு, என் வீட்டுக்காரி நீட்டுகிற டம்ளர் தண்ணீரில், அவள் கண்ணெதிரே முழுங்கினேன். இதை ஏன் இப்படித் தொண்டை கிழியச் சொல்கிறேன் என்றால், நான் முழுங்கவில்லை என்று அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்த தீர்ப்பு ஒன்று என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவர்களிடம் முத்திரை இருக்கிறது. என்னிடம் தொண்டைதான் இருக்கிறது.

நான் நகரப் பேருந்து ஓட்டுநர். கல்யாணத்துக்கு முன்பு எனக்கு இரண்டு தடவை வலிப்பு வந்தது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் வலிப்பு என் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வலிப்பு வந்தவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் வண்டி ஓட்டலாம், சாப்பிடுகிறார் என்பதற்கு வருஷா வருஷம் சான்றிதழ் வேண்டும். இது விதி, நல்ல விதிதான். முன்பெல்லாம் டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "ஒழுங்கா சாப்பிடுறியா?" என்பார். "சாப்பிடுறேன் டாக்டர்" என்பேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்.

இப்படி இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பிக்கொண்டு திரிவது அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. உட்கொள்ளல் மெய்ப்பிப்பு நிலையம் என்று ஒன்றைக் கட்டினார்கள். மனிதனின் வாயைக் கேட்டால் பொய் சொல்கிறது என்பதால், இனி மற்ற வழியைக் கேட்பது என்று முடிவு. 'சிறுநீர் பொய் சொல்லாது' என்று வாசலில் பித்தளை எழுத்தில் பதித்திருந்தார்கள். மழையில் பச்சை பிடிக்காமல் இருக்க ஓர் ஆள் அதைத் தினமும் துடைப்பான்.

எனக்கு அந்த நிலையத்தின் மேல் துளிகூடப் பயம் இல்லை. பெருமைதான் இருந்தது. ஏனென்றால் உள்ளே அந்தப் பெரிய இயந்திரத்தை ஓட்டுகிறவன் என் சொந்தத் தம்பி. நான் பஸ் ஓட்டிப் படிக்கவைத்த பிள்ளை. சின்ன வயதில் அவனுக்கு நெஞ்சுச் சளி ஓயாது. ஒரு சிவப்பு மருந்து கொடுப்பார்கள், கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. ஒரு நாள் அவன் அதைப் பாட்டிலோடு குழாயடிச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டான். சாக்கடை சிவப்பாக ஓடுவதை அப்பா பார்த்துவிட்டு பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். தம்பி என் முதுகுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நின்றான். "நான்தாம்பா ஊத்தினேன்" என்றேன். அந்த அடியின் தழும்பு இன்னும் தோளில் இருக்கிறது. தழும்பைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். தம்பிக்காக வாங்கிய அடியை யாராவது கணக்கில் வைப்பார்களா?

அந்தத் தம்பிதான் இயந்திரத்தைப் பற்றி எனக்கு விளக்கினான். "மருந்துக்கு ஒரு குணம் இருக்கு அண்ணா. ஒவ்வொரு மருந்தும் ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்த முழுங்கிடும். கண்ணாடிக் குப்பியில சிறுநீர ஊத்தி, இந்தப் பக்கமிருந்து வெளிச்சத்த விட்டா, அந்தப் பக்கம் எவ்வளவு கொறையுதோ அவ்வளவு மருந்து உள்ள இருக்குன்னு அர்த்தம்."

"பிரமாதம்டா!"

"ஆனா மருந்தே இல்லாத சிறுநீரும் கொஞ்சம் வெளிச்சத்த முழுங்கும். அதனால மொதல்ல மருந்து சாப்பிடாத ஒருத்தரோட சிறுநீர வச்சு, 'இதுதான் பூஜ்யம்'னு மெஷினுக்குச் சொல்லிடணும். தராசுல வெறும் தட்ட வச்சு முள்ள சரி பண்ற மாதிரி. அதுக்கப்புறம் யார வச்சாலும், அதுக்கு மேல இருக்கறதுதான் மருந்து."

அந்தப் பூஜ்யம் யாருடையது என்பதில் நிலையத்தில் பெரிய விவாதமே நடந்ததாம். கண்டவனுடைய சிறுநீரை வைத்து நாட்டு மக்களை அளக்க முடியுமா? கடைசியில் இயக்குநரே முன்வந்தார். அந்தப் பதவிக்கு வருகிறவர் எந்த நோயும் இல்லாதவராக, எந்த மருந்தும் சாப்பிடாதவராக இருக்கவேண்டும் என்பது பணிவிதி. ஆகவே அவரைவிடச் சுத்தமான பூஜ்யம் எங்கே கிடைக்கும்?

நான் முதன்முதலில் போன அன்று அந்தச் சடங்கைக் கண்ணால் பார்த்தேன். காலை மணி அடித்ததும் அத்தனை ஊழியரும் எழுந்து நின்றார்கள். வெள்ளைக் கையுறை மாட்டிய சேவகர் ஒருவர், மூடிபோட்ட கண்ணாடிக் குடுவையைத் தட்டில் வைத்து, அடிமேல் அடி வைத்து வந்தார். பின்னால் இயக்குநர், ஏதோ பரிசு வாங்கிய பிள்ளையின் அப்பா மாதிரி அடக்கமாகத் தலைகுனிந்து நடந்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த நாங்களும் எழுந்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் செருப்பைக்கூடக் கழற்றினார்.

"ஒழுங்கா சாப்பிடுறோம், நமக்கென்ன பயம்?" என்றேன் அவரிடம்.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. முடிவு விளக்க அலுவலர் என்றே ஒருவர் இருந்தார். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"மைனஸ்" என்றார்.

"மைனஸ்னா என்ன சார்?"

"மாத்திரை சாப்பிடாதவனுக்கு பூஜ்யம் வரும். நீங்க அதுக்கும் கீழ."

"சாப்பிடாதவன விடக் கம்மியா எப்படி சார் சாப்பிட முடியும்?"

"அத நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு பெரிய திருடனைப் பார்க்கிற மரியாதை இருந்தது.

மறுநாளே என்னைப் பேருந்திலிருந்து இறக்கினார்கள். பணிமனையில் தொலைந்த பொருட்கள் பிரிவு என்று ஓர் அறை உண்டு. உடையவர் வராத குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாரோ ஒருவரின் பல்செட், இவற்றோடு என்னையும் உட்காரவைத்தார்கள். நிலையத்தில் சான்றிதழ் வாங்கினால் ஸ்டீயரிங் திரும்பக் கிடைக்கும், இல்லாவிட்டால் உரிமமே போய்விடும் என்றார் மேலாளர். நான் மேல்முறையீடு செய்தேன்.

மேல்முறையீட்டுக்கு நேரடி விழுங்கல் அறை என்று தனி அறை வைத்திருந்தார்கள். அங்கே என்னைச் சுற்றி மூன்று அதிகாரிகள். ஒருவர் உதட்டைப் பார்ப்பவர். ஒருவர் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்ப்பவர். மூன்றாமவர் டார்ச் வெளிச்சத்தில் நாக்குக்கு அடியில் பார்ப்பவர், அவர்தான் மூவரில் பெரியவர். நான் மாத்திரையைப் போட்டு, தண்ணீர் குடித்து, வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும். மூவரும் ஒரே குரலில் "விழுங்கினார்" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொள்வார்கள். ஒரு வாரம் முழுக்க இந்தக் கூத்து நடந்தது. வீட்டில் சாப்பிட்டு முடித்தாலும் என்னையறியாமல் நாக்கைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்தேன்.

முடிவு, மறுபடியும் மைனஸ்.

இப்போது நிலையத்துக்கே ஒரு தர்மசங்கடம். மூன்று அதிகாரிகளின் கண்கள் ஒன்று சொல்கின்றன, இயந்திரம் வேறொன்று சொல்கிறது. இயந்திரம் வெளிநாட்டிலிருந்து வந்தது, அதிகாரிகள் உள்ளூர்க்காரர்கள். ஆகவே மூவரையும் கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். மூவருக்கும் பார்வை அப்பழுக்கில்லாமல் இருந்தது. அதைவைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நல்ல கண்களையே ஏமாற்றும் அளவுக்கு இந்த ஓட்டுநர் விழுங்குவதுபோல் காட்டுகிறார். என் மேல் இருந்த குற்றச்சாட்டு 'விழுங்காமை' என்பதிலிருந்து 'திறம்பட விழுங்காமை' என்று மாறியது.

நான் மட்டும் இல்லை. ரத்த அழுத்த மாத்திரைக்காரர்கள், சர்க்கரை மாத்திரைக்காரர்கள் எல்லாம் சிரித்த முகத்தோடு சான்றிதழ் வாங்கிப் போனார்கள். வலிப்பு மாத்திரைக்காரர்கள் மட்டும் ஒருவர் பாக்கியில்லாமல் மைனஸ். செருப்பைக் கழற்றிய கிழவரும் மைனஸ். இதில் சந்தேகப்பட வேண்டியது என்ன என்று சின்னப் பிள்ளைக்கும் தோன்றியிருக்கும். நிலையத்துக்குத் தோன்றியது வேறு. 'வலிப்பு நோயாளரின் பொய்: ஓர் ஒளியியல் ஆய்வு' என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கிவிட்டார்கள்.

வெளியே நடந்ததையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரி கை கழுவும் தொட்டியின் குழாயைக் கழற்றிவைத்துக்கொண்டு உள்ளே விரலை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். தலையணை உறைகளெல்லாம் உதறிப் போட்டுக் கிடந்தன.

"என்ன தேடுற?"

அவள் திரும்பவில்லை. "ஏங்க, கோவிச்சுக்காம சொல்லுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பறப்ப துப்பிடுறீங்களா?"

"நீயுமா?"

"மெஷின் எதுக்குங்க பொய் சொல்லணும்? அதுக்கு உங்க மேல என்ன பகை?"

இத்தனை வருஷம் டம்ளரை நீட்டிய கை, இன்று சாக்கடைக் குழாயில் என் பொய்யைத் துழாவுகிறது.

இரண்டு நாள் கழித்துத் தம்பி வந்தான். நேராகச் சமையலறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தான். என் வீட்டுக்காரி கொடுத்த டீயைக் குடிக்காமல் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"அண்ணா, உங்க மேல தப்பில்ல."

"அது எனக்குத் தெரியாதாடா? உங்க மெஷினுக்குச் சொல்லு."

"மெஷின் மேலயும் தப்பில்ல." குரலைத் தாழ்த்தினான். "போன வாரம் மெஷினுக்குள்ள இருக்கற விளக்க மாத்தினோம். மாத்தினா வெறும் தண்ணியில பூஜ்யம் வச்சுப் பாக்கணும். பாத்தேன். பழக்க தோஷத்துல அடுத்ததா இயக்குநரோட குடுவையிலேர்ந்து எடுத்து வச்சுட்டேன். ஒவ்வொரு மருந்துக்கும் திரையில ஒரு மேடு வரும் அண்ணா, ஆளுக்கு மூக்கு மாதிரி. அவரோடதுல மேடு வந்துச்சு. உங்க மாத்திரையோட மேடு. அதுவும் உங்களோடத விட ரெண்டு மடங்கு உயரம்."

எனக்கு உறைக்கவே சிறிது நேரம் ஆயிற்று. என் வீட்டுக்காரிக்கு உடனே புரிந்துவிட்டது.

"அப்போ அந்த மனுசனுக்கும் வலிப்பா?" என்றாள். "அவரு மூடி மறைச்சு மாத்திரை சாப்பிடுறாரு, அத பூஜ்யம்னு வச்சு எல்லாரையும் அளக்கறீங்களா? அவர விடக் கம்மியா சாப்பிடறவங்க எல்லாம் பொய்யனுங்களா?"

"ஆமா அண்ணி."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். என் தோளில் கைவைத்தாள். "நான் பாவி, குழாயக் கழட்டிட்டேன்" என்று அழுதாள். "விடு, குழாய் சுத்தமாச்சு" என்றேன். தம்பிகூடச் சிரித்துவிட்டான்.

"விசாரணையில நான் சொல்லிடறேன் அண்ணா" என்றான் கிளம்பும்போது. "எல்லார் முன்னாடியும் தண்ணியில பூஜ்யம் வச்சுக் காட்டிடறேன். என்ன ஆனாலும் ஆகட்டும். நீங்க எனக்குப் பண்ணினதுக்கு நான் இதுகூடப் பண்ண மாட்டேனா?"

விசாரணை நாளில் இஸ்திரி போட்ட சீருடையில் போனேன். அன்றே வண்டியை எடுக்கச் சொன்னாலும் சொல்வார்கள் என்ற நப்பாசை. நிலையத்தின் பெரிய கூடத்தில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பூஜ்யத்தின் மேல் சந்தேகம் இருப்பதாக நான் மனுவில் எழுதியிருந்தேன். அதை விசாரிக்கும் குழுவின் தலைவராக இயக்குநரே உட்கார்ந்திருந்தார்.

"என்னைப் பற்றிய புகாரை நானே விசாரிப்பது முறையா என்று சிலர் கேட்கிறார்கள்" என்று ஆரம்பித்தார். அவர் எப்போதும் மேடைத் தமிழில்தான் பேசுவார். "என்னைப் பற்றி என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆகவே நானே என்னைத் தீர விசாரித்தேன். என்னிடம் சில கடுமையான கேள்விகளைக் கேட்டேன். எனக்குத் திருப்தியான பதில்கள் கிடைத்தன."

கைதட்டினார்கள்.

"இந்த நிலையத்தின் பூஜ்யம் நான்தான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. உங்களையெல்லாம் என்னிலிருந்துதான் அளக்கிறோம். அளவுகோலையே அளக்கக் கிளம்பினால் நாடு எங்கே போய் நிற்கும்? தண்ணீரில் பூஜ்யம் வைக்கச் சொல்கிறார் மனுதாரர். தண்ணீருக்குப் பதவி உண்டா? பொறுப்பு உண்டா? யாருக்காவது பதில் சொல்லுமா அது?" கொஞ்சம் நிறுத்தி, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "வலிப்பு நோயாளிகளுக்கு மறைக்கும் குணம் கூடப்பிறந்தது. எப்படி மறைப்பார்கள், எங்கே மறைப்பார்கள், பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல் எந்த இழுப்பறையில் வைப்பார்கள், அதெல்லாம் எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எந்த அதிகாரிக்கும் தெரியாது."

இதற்கும் கைதட்டினார்கள். நானே தட்டியிருப்பேன் போல, அவ்வளவு உருக்கமாகச் சொன்னார்.

பிறகு சாட்சியாக என் தம்பியைக் கூப்பிட்டார்கள். வெள்ளைக் கோட்டில் எழுந்து வந்தான். பேசுடா, என் ராஜா, பேசு.

"நீங்கள் இயந்திரத்தை இயக்குபவர். அதோடு மனுதாரரின் உடன்பிறந்தவர். பூஜ்யத்தில் ஏதாவது குறை கண்டீர்களா?"

"இல்லைங்க ஐயா."

தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்தேன்.

"மனுதாரரின் குணம் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான்.

"சொல்றதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. எங்க அண்ணனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே மருந்துன்னா ஆகாது. ஒரு தடவ பாட்டிலோட மருந்த சாக்கடையில ஊத்தி அப்பாகிட்ட அடி வாங்கினாரு. தோள்ல தழும்புகூட இருக்கு."

"தழும்பு இருக்கிறதா?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார்.

இருக்கிறது. சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். இஸ்திரி போட்ட சீருடைச் சட்டையைக் கூடத்தின் நடுவில் நின்று கழற்றினேன். டார்ச் அதிகாரி ஓடிவந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். விழுங்கல் அறை அதிகாரிகள் மூவரும் ஒரே குரலில் "இருக்கிறது" என்றார்கள். எதையும் முழுங்காதவன் என்று பெயர் வாங்கிய நான், அன்று சொல்லவந்த அத்தனையையும் முழுங்கினேன். என்னவென்று சொல்வது? தம்பிதான் ஊற்றினான், நான் பொய் சொல்லி அடி வாங்கினேன் என்றால், நானே பொய்யன் என்று ஒப்புக்கொண்டதாக எழுதியிருப்பார்கள்.

உரிமம் ரத்தானது. மாத்திரையை நான் சாப்பிடுவதில்லை என்று நிரூபணமாகிவிட்டதால், ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்துவந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். சாப்பிடாதவனுக்கு எதற்கு? என் வீட்டுக்காரி தையல் வேலைக்குப் போய் வெளிக்கடையில் மாத்திரை வாங்கி வர ஆரம்பித்தாள். தெருவில் என் பேருந்து போகும்போது ஜன்னலை மூடிக்கொள்வேன். புது ஓட்டுநர் திருப்பத்தில் கியர் மாற்றுகிற சத்தம் சரியில்லை.

அதற்கப்புறம் தம்பி எங்கள் பக்கம் வரவில்லை. மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுச் செருப்பில் வந்தான். அதே முக்காலியில் உட்கார்ந்தான். என் வீட்டுக்காரி டீயை ணங்கென்று வைத்தாள்.

"இயக்குநருக்குப் பதவி உயர்வு அண்ணா. இனிமே நாட்டுல இருக்கற எல்லா நிலையத்துக்கும் அவருதான் தலைவர். ஏமாத்தறவங்கள இவ்வளவு பேர எந்த நிலையமும் புடிச்சதில்லையாம்."

"சந்தோஷம். உனக்கு?"

"துணை இயக்குநர்." லேசாகத் தலைகுனிந்தான், குடுவைக்குப் பின்னால் இயக்குநர் நடந்த மாதிரியே. "அதான் வந்தேன். அவரு போறதால பூஜ்யத்துக்கு ஆள் வேணும். குழு கூடிப் பேசினாங்க. மாத்திரையே சாப்பிடலன்னு இத்தன விதமா நிரூபணமானவர் ஊர்லயே நீங்க ஒருத்தர்தான். நிரந்தர வேலை அண்ணா. காலையில வந்து குடுத்துட்டுப் போனாப் போதும். தட்டு, சேவகர், எல்லாம் உண்டு. எல்லாரும் எழுந்து நிப்பாங்க."

எனக்குச் சிரிப்பதா, அவன் கன்னத்தில் ஒன்று விடுவதா என்று தெரியவில்லை.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். என் மாத்திரைதான். ஆனால் இரண்டு மடங்கு வீரியம்.

"ஒரே ஒரு விஷயம். எந்த மருந்தும் சாப்பிட்டதில்லன்னு நீங்க கையெழுத்துப் போடுவீங்க. ஆனா இத தினமும் சாப்பிடணும். நிறுத்தவே கூடாது. பழைய பூஜ்யமும் புது பூஜ்யமும் ஒரே அளவா இருக்கணும், இல்லன்னா இதுவரைக்கும் குடுத்த முடிவெல்லாம் தப்புன்னு ஆயிடும். மாத்திரைய நிலையமே குடுக்கும், ஆயுசுக்கும்."

மாத்திரை சாப்பிடவில்லை என்று என் வாழ்க்கையைப் பிடுங்கியவர்கள், தவறாமல் சாப்பிடச் சொல்லி மாத்திரை அனுப்பியிருக்கிறார்கள். நான் அதை முழுங்கினால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற கிழவர் மறுபடியும் மைனஸ். அட்டையை நான் தொடவில்லை. தம்பியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. இங்கே குழு இல்லை, டார்ச் இல்லை, நாங்கள் மூன்று பேர்தான்.

"அந்தச் சிவப்பு மருந்த சாக்கடையில ஊத்தினது யாருடா?"

அவன் ஆச்சரியமாக நிமிர்ந்தான்.

"நீங்கதானேண்ணா? அப்பாகிட்ட நீங்களேதான ஒத்துக்கிட்டீங்க?"

கண்ணில் கள்ளம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. விசாரணைக்காகச் சொன்ன பொய்யாக இருந்தால்கூட என்றைக்காவது மன்னித்திருப்பேன். அவனுக்கு அது நிஜமாகவே அப்படி ஆகிவிட்டிருந்தது.

என் வீட்டுக்காரி அட்டையை எடுத்து அவன் சட்டைப் பையிலேயே சொருகினாள். "தம்பி, கிளம்புங்க" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க அண்ணி. அண்ணன் வேணாம்னா அந்தக் கிழவரத்தான் கேக்கணும். அவருக்கும் நல்ல மைனஸ்."

"கிளம்புங்க."

புதுச் செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. தம்பி விடிந்ததும் வந்துவிட்டதால் அன்றைய மாத்திரையை நான் இன்னும் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரி கடையில் வாங்கி வைத்திருந்த அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, தண்ணீரோடு நீட்டினாள். முழுங்கினேன். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு எதுவும் தெரியவில்லை. பழக்க தோஷம், வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கி அவளிடம் காட்டினேன்.

"வாய மூடுங்க" என்று சொல்லிவிட்டு, அவன் குடிக்காமல் போன டீயைத் தொட்டியில் கொட்டப் போனாள்.